தரம் பிரிப்பு

உடுமலைக்கு மேற்கே, காற்றாடிகள் சுற்றும் காட்டோரம்
கழிவுத்தாள் மில்லில் கழிந்தது என் கோடை விடுமுறை.
நாள் கூலி முந்நூற்றி எண்பது.
பின் பிடுங்கும் கொறடு கம்பெனியோடது.

யாழிசை அவள் அப்பாவோடு காரில் போய்
பல்கலைக்கழகத்தைப் பார்த்துவிட்டு வந்தாள்.
"ஏழு மாடிடி. லிஃப்ட்ல ஃபேன் ஓடுது.
மரத்துக்கெல்லாம் பேர் எழுதி மாட்டியிருக்காங்க."
கோயமுத்தூர் போக வர எனக்கு ஒரு நாள்;
ஒரு நாள் என்றால் முந்நூற்றி எண்பது.
அதனால் பல்கலைக்கழகம் என்னிடம் வந்தது,
லாரியில், தார்ப்பாய் போர்த்தி,
கிலோ பதினாலு ரூபாய்க்கு.

முதலில் விளம்பரப் புத்தகங்கள்.
வழவழத் தாளைத் தனி மூட்டையாகக் கட்ட வேண்டும்.
"தொட்டியில போட்டா லேசுல ஊறாது அம்மிணி,
பாதி களிமண்ணு" என்பார் கதிர்வேலண்ணன்.
புல்தரையில் நாலு பேர் சிரிக்கிறார்கள்.
ஒருத்தி மடியில் புத்தகம் திறந்திருக்கிறது,
தலைகீழாக.

அடுத்தது விடுதியின் புகார் நோட்டு.
சாம்பாரில் பல்லி: கவனிக்கப்படும்.
குழாயில் தண்ணீர் இல்லை: கவனிக்கப்படும்.
பல்லியை யார் கவனிப்பது: கவனிக்கப்படும்.
பதினாறாம் பக்கத்தில் வேறொரு கையெழுத்து:
"அது பல்லி அல்ல. கத்தரிக்காய்க் காம்பு.
நானே எடுத்துப் பார்த்தேன். சமையல் முருகாத்தாள்."

விடுப்புக் கடிதங்கள் ஒரு கட்டு.
ஒரே பையனுக்கு ஒரே பருவத்தில்
மூன்று சித்தப்பாக்கள் இறந்திருக்கிறார்கள்.
மூன்றுக்கும் அனுமதி.
மூன்றாவதில் மட்டும், பச்சை மையில்,
"குடும்பத்தில் மிச்சம் உள்ளவர்களை
பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும்."
அந்தப் பச்சை மையை எனக்குப் பிடித்துப் போனது.

பிறகு இயற்பியல் ரெக்கார்டுகள், அறுபது.
அறுபதிலும் ஒரே ஊசல், ஒரே நீளம்,
ஒரே ஒன்பது புள்ளி ஏழு எட்டு,
'அலைவு' என்பதில் ஒரே எழுத்துப் பிழை.
அறுபதுக்கும் சரி போட்டிருந்தது, சிவப்பில்.
ஊசல் ஆடியே இருக்காது.
அன்றைக்கு மத்தியானம் தயிர்சோறு இறங்கவில்லை.

ஒரு வாரம் கழித்துத்தான் அது கிடைத்தது.
மாதத் தேர்வுத் தாள். முதல் பெயர் கிழிந்திருந்தது.
ஐந்தாம் கேள்விக்குப் பதிலாக
"வகுப்பிலேயே புரியலை சார்.
எல்லாரும் தலையாட்டினாங்க,
நானும் ஆட்டிட்டேன்."
பக்கத்தில் அதே பச்சை மை:
"நானும் அப்படித்தான் ஆட்டியிருக்கிறேன்.
நாலாம் மாடி, 412. மூணு மணிக்கு மேல் எப்போதும் இருப்பேன்."

அவள் போனாளா, அவனா, தெரியாது.
ஆனால் தாளில் நாலாய் மடித்த மடிப்பு இருந்தது.
மடிப்பின் மூலைகள் தேய்ந்து
துணி மாதிரி ஆகியிருந்தன.
சட்டைப் பையிலோ பர்ஸிலோ
ரொம்ப நாள் கிடந்த தாள்.
முதுகில் பென்சிலில் யாரோ ஒரு படம் போட்டு
சின்னச் சின்ன அம்புக்குறிகளால்
அந்த ஐந்தாம் கேள்வியை விளக்கியிருந்தார்கள்.
எனக்கே பாதி புரிந்தது.
தேதி மட்டும் எங்கும் இல்லை.

கடைசி நாள், சாயங்காலம் அஞ்சு மணிக்குள்
விருப்பப் பட்டியலைப் பூட்ட வேண்டும்.
பழனி ரோட்டு பிரவுசிங் சென்டரில்
கையிலிருந்த தாள் தூசியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தேன்.
"இந்தக் காலேஜெல்லாம் போயிப் பாத்தீங்களா?" என்றார்
கடைக்கார சிவநேசண்ணன்.
"இல்லீங்ணா. பின்னு புடுங்கிப் பாத்தனுங்."
அவருக்கு விளங்கவில்லை. ஓடிபி கேட்டார்.

ஏழாவதாக இருந்ததை இரண்டாவதாக ஏற்றினேன்.
முதலாவதாக ஏற்ற
அந்த அறுபது ஊசலும் விடவில்லை.